நெஞ்சு வலிக்காதவருக்கு ஒரு உபவாசம்

அத்தியாயம் 11

ஞானமணிக்குக் கடல் பிடித்துவிட்டது.

விசாகப்பட்டினம் வந்து இறங்கி ஒரு நாள்தான் ஆகியிருந்தது. வெள்ளிக்கிழமை காலை ஆறே முக்காலுக்கெல்லாம் புடவையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டு ஈர மணலில் சட்டமாக உட்கார்ந்துவிட்டாள். அலை வந்து காலை நனைத்தது, போனது, மறுபடி வந்தது. யாரும் பெட் நம்பர் சொல்லிக் கூப்பிடவில்லை. சிரிஞ்சு எங்கே, சார்ட் எங்கே என்று யாரும் கேட்கவில்லை. சித்தூரில் முப்பத்தாறு வருஷம் ஆஸ்பத்திரி வராந்தாவில் ஓடிய கால்கள் அவை. அவற்றுக்கு இப்படி ஒரு காலை நேரம் இருக்கிறதென்றே இதுவரை தெரியாது.

தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு இந்தக் கதை தெரியும். இன்றுதான் உள்ளே வருகிறவர்களுக்காக நாலு வரி.

ஞானமணி பிப்ரவரியில் ரிட்டயர் ஆன நர்ஸ். அம்மா இனியாவது கொஞ்சம் உட்காரட்டும் என்று மகன் ஜெர்ரி, கடலைப் பார்த்த அறை ஒன்றை நாலு நாளைக்குப் பிடித்துக் கொடுத்தான். அவன் சித்தூரிலிருந்து தினமும் திருப்பதிக்குப் பஸ்ஸில் போய் வேலை பார்க்கிறவன். மார்ச்சில் பரீட்சை நேரம், கூட்டம் இருக்காது என்று நாள் பார்த்தான். லெந்து காலம் என்பதை மட்டும் பார்க்கவில்லை. புதன்கிழமை சாயங்காலம் திருப்பதி ஸ்டேஷனில், மொட்டைத் தலைகளுக்கு நடுவே நின்று அவன் அம்மாவுக்கும் நைனாவுக்கும் கையசைத்ததோடு போன வாரம் நிறுத்தியிருந்தேன்.

லெந்து என்றால் சித்தூர்ப் பழைய சபையில் விளையாட்டில்லை. ஈஸ்டருக்கு முந்திய நாற்பது நாளும் கல்யாணம் கிடையாது, கறி கிடையாது, ஊர் சுற்றல் கிடையாது. அந்தக் காலத்து மிஷனரி துரைமார் சொல்லிவிட்டுப் போன விதிகளோடு தன் பங்குக்கு இரண்டைச் சேர்த்து வைத்திருப்பவர் சபைச் செயலாளர் கிருபானந்தம். ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர். ஞானமணியின் கணவர்.

கிளம்புவதற்கு முன்பு ஞானமணி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"பாஸ்டர் ஐயாகிட்ட சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டேன்."

முப்பத்து நாலு வருஷம் கூட வாழ்ந்தவர் சொல்லிவிட்டேன் என்றால் சொல்லிவிட்டார் என்றுதான் பெண்சாதி நினைப்பாள். என்ன சொன்னார் என்று அவள் கேட்கவில்லை.

இப்போது அவர் கொஞ்சம் தள்ளி, சிமெண்ட் பெஞ்சில், ஷூவும் சாக்ஸும் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கடலுக்கு வந்தவர் மாதிரியே இல்லை, இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்தவர் மாதிரி இருந்தார். டீக்காரனிடம் அவர் பேசிய தெலுங்கைக் கேட்டுவிட்டு அவன் சிரித்தபடி, "தமிழ்நாடா சார்?" என்று வேறு கேட்டுவிட்டான். பிறந்ததிலிருந்து ஆந்திராவிலேயே இருக்கிற மனுஷனுக்குக் கோபம் வருமா வராதா?

"நாப்பது வருஷம் ஓட்டு போட்டிருக்கேன். என்னப் போயி தமிழ்நாடான்றான்" என்று பெண்சாதியிடம் வந்து முறையிட்டார்.

"நம்ம தெலுங்கு அப்படிதான் கீது. வாங்க, கால நனைங்க."

"சாக்ஸ் நனஞ்சிடும்."

ஞானமணி சிரித்தாள். அன்று காலையில் அவள் கடைசியாகச் சிரித்தது அப்போதுதான்.

*

ஒன்பதரை மணிக்கு அறைக்குப் பின்னால் இருந்த பால்கனியில் இரண்டாவது காப்பியோடு உட்கார்ந்திருந்தபோது, சித்தூரிலிருந்து மருமகள் டெபோராவின் போன் வந்தது.

"அத்த, மாமாவுக்கு இப்ப எப்படி கீது?"

"எப்படின்னா? நாலு இட்லி துன்னாரு. உள்ள பேப்பர் படிச்சிக்கினு கீறாரு."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"என்கிட்ட கூட மறைக்கறீங்களே அத்த! நான் இன்னா வெளியாளா?"

"ஏம்மா அழற? இன்னாத்த மறைக்கறேன்?"

"வூடு ஃபுல்லா ஜனம் அத்த. ஜெமிமா பெரீம்மா காலையிலயே நாலு பேர இட்டுக்கினு வந்து, எந்த ஆஸ்பத்திரி, எந்த டாக்டரு, என்னிக்கு ஆபரேஷன்னு கேக்கறாங்க. எனக்குத் தெரியலன்னா நம்பமாட்டேன்றாங்க. சபை வாட்ஸ்அப்ல நேத்து போட்டாங்க. செயலாளர் ஐயாவின் இருதய சிகிச்சைக்காக ஜெபிக்கவும்னு. வேலூர்லயே முடியாதுன்னுட்டாங்களாம், அதான் விசாகப்பட்டினம் போயிருக்காங்கன்னு எல்லாரும் சொல்லிக்கினு கீறாங்க."

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். சித்தூர்க்காரனுக்கு உடம்புக்கு வந்தால் பஸ் ஏறி ஒரு மணி நேரத்தில் வேலூர். பல்வலிக்கும் வேலூர், பிரசவத்துக்கும் வேலூர், இருதயத்துக்கும் வேலூர். அப்படிப்பட்ட ஊரிலிருந்து ஒருவர் வைத்தியத்துக்காக எண்ணூறு கிலோமீட்டர் போகிறார் என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். வேலூர் கைவிட்டுவிட்டது. இதை யாரும் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை.

"இன்னிக்கு பெண்கள் ஐக்கிய சங்கத்துல மாமாவுக்காக உபவாசம் அத்த. நாப்பது பேரு. சாயங்காலம் ஆராதனை முடியற வரைக்கும் பச்சத் தண்ணி கூட கெடயாதாம்."

"ஜெமிமா அக்கா?"

"அவங்கதான் மொதப் பேரு."

ஞானமணி காப்பித் தம்ளரைக் கீழே வைத்தாள். சபையில் எல்லோருக்குமே அக்காவான ஜெமிமாவுக்கு அறுபத்தாறு வயது. இருபது வருஷமாகச் சர்க்கரை. காலையில் தானே இன்சுலின் குத்திக்கொள்ளக் கற்றுக்கொடுத்ததே ஞானமணிதான். இரண்டு வருஷம் முன்பு ஒரு கல்யாண வீட்டில் சாப்பாடு தாமதமானதில் பந்தியிலேயே சரிந்து விழுந்தவள். ஊசி போட்டுக்கொண்டு பட்டினி கிடந்தால் என்ன ஆகும் என்பதை ஞானமணி எத்தனையோ தடவை கண்ணால் பார்த்திருக்கிறாள்.

ஆனாலும் அந்த நிமிஷத்தில் அவளுக்கு முதலில் வந்த பயம் ஜெமிமாவைப் பற்றியது அல்ல. இந்த மனுஷன் நிஜமாகவே நெஞ்சு வலியை மறைத்து வைத்திருக்கிறாரா?

உள்ளே போய்ப் பேப்பரைப் பிடுங்கிக் கட்டிலில் போட்டாள். கணவரின் மணிக்கட்டைப் பிடித்துச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"இன்னாது மணி, இன்னா பண்ற?"

"வாயத் தெறக்காதீங்க."

ஒரு நிமிஷம் முழுதாக எண்ணினாள். எழுபத்தாறு. கண்ணிமையை இழுத்துப் பார்த்தாள். காலை அமுக்கிப் பார்த்தாள். வீக்கமில்லை.

"நெஞ்சு வலி எப்பத்துலருந்து?"

கிருபானந்தத்தின் முகம் போன போக்கைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. வகுப்பில் பொய் சொல்லி மாட்டிய பையன்களின் முகத்தை அவர் வீட்டில் நடித்துக் காட்டுவார். அதே முகம்.

"நா ஒண்ணும் பெருசா சொல்லல மணி. லெந்து வெள்ளிக்கிழம ஆராதனைக்கி செயலாளரே இல்லன்னா எப்பிடின்னு பாஸ்டர் கேட்டாரு. கடல் பாக்கப் போறேன்னு சொல்லத்தான் வாயத் தெறந்தேன். பக்கத்துல சைமன் மைக் ஒயர சுத்திக்கினு நின்னான். அவன் எதிர்ல எப்பிடி சொல்றது? நெஞ்சு கொஞ்சம் சரியில்ல, பெரிய டாக்டர்கிட்ட காட்டணும்னு வந்திடிச்சி."

சைமன் யாரென்று சொல்லிவிடுகிறேன். முப்பது வயசுப் பையன். சபைப் பாட்டுக் குழுவில் கீபோர்டு வாசித்தவன். போன வருஷம் லெந்தில் அவனும் அவன் மனைவி யாமினியும் பாண்டிச்சேரிக்கு நாலு நாள் ஊர் சுற்றப் போனார்கள் என்று தெரிந்ததும், அதைக் கமிட்டியில் எடுத்துப் பேசியவர் கிருபானந்தம். ஈஸ்டர் முடியும் வரை அவனைக் குழுவிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். ஈஸ்டர் முடிந்தது. சைமன் கீபோர்டு பக்கம் திரும்பிப் போகவில்லை. மைக் போடுவது, ஆராதனையைப் போனில் ஒளிபரப்புவது என்று சுவரோரமாக நின்றுகொண்டான்.

"அந்தப் பையன அவ்ளோ பேசிட்டு..." என்று ஆரம்பித்த ஞானமணி பாதியில் நிறுத்தினாள். "அத அப்புறம் பேசிக்கலாம். ஜெமிமா அக்காவுக்கு சுகரு. உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்."

"ஊசி போட்டுக்கினு உங்களுக்காகப் பட்டினி கெடக்கறாங்க. போன் போடுங்க. இப்பவே."

கிருபானந்தம் ஜெமிமாவின் எண்ணை அழுத்தினார். ஸ்பீக்கரில் போட்டார். இரண்டு ரிங்கில் ஜெமிமா எடுத்தாள்.

"தம்பி! உன் கொரல கேட்டேனே, அதுவே போதும். ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்!"

"அக்கா, நீ மொதல்ல சாப்புடு. எனக்கு ஒண்ணும் இல்ல. நெஞ்சுல ஒரு கோளாறும் இல்ல."

"ஒண்ணும் இல்லியா? டாக்டரு பாத்துட்டாரா?"

"பாத்தாச்சி..." என்று பெண்சாதியைப் பார்த்தார். மணிக்கட்டைப் பிடித்தவள் அவள்தானே. "இப்பதான் பாத்தாங்க. ஒண்ணுமே இல்ல. அக்கா, அது இன்னான்னா..."

"ஏய், கேட்டீங்களா! ஒண்ணுமே இல்லியாம்! வேலூர்ல முடியாதுன்னு சொன்ன நோவு, போன எடம் தெரியலியாம்!"

அதற்கு மேல் கிருபானந்தம் சொன்னது எதுவும் சித்தூருக்குப் போய்ச் சேரவில்லை. நாற்பது பெண்கள் ஒரே நேரத்தில் ஸ்தோத்திரம் சொன்னார்கள். யாரோ பாட்டெடுத்தார்கள். கைதட்டல் ஸ்பீக்கரைப் பிளந்தது. "அக்கா, அது அப்பிடி இல்ல" என்று இவர் இங்கே கத்திக்கொண்டிருந்தார். நடுவில் ஒரு தடவை ஜெமிமா மட்டும் கிட்ட வந்து, "சாயங்காலம் ஆராதனைல நீயே சாட்சி சொல்லணும் தம்பி. சைமன்கிட்ட சொல்லி படத்தோட போட வெக்கறேன்" என்றாள். போன் கட்டாகிவிட்டது.

பத்து நிமிஷத்தில் டெபோரா கூப்பிட்டாள். உபவாசம் முடிந்து எல்லோரும் கஞ்சி குடிக்கிறார்கள், ஜெமிமா பெரியம்மாவும் ஒரு கிண்ணம் குடித்துவிட்டுத் தெம்பாக இருக்கிறாள் என்று சொன்னாள்.

ஞானமணி நீளமாக மூச்சு விட்டாள்.

"பாத்தியா, சாப்புட்டுட்டாங்க" என்றார் கிருபானந்தம். "நல்லதாத்தான் முடிஞ்சிது. வுடு மணி. சந்தோஷமா கீறாங்க. சாயங்காலம் தேவன் நல்லவர்னு ரெண்டு வார்த்த சொல்லிட்டா தீந்துது. அது பொய்யில்லயே."

ஞானமணி அவரையே பார்த்தாள். சத்தம் போடவில்லை. வார்டில் டாக்டர்களைத் திட்டும்போது கூட அவள் சத்தம் போட்டதில்லை.

"நாளைக்கி நம்ம சபையில ஒருத்தனுக்கு நெஞ்சு வலிக்கும். பொண்டாட்டி ஆஸ்பத்திரிக்கு வான்னு கூப்புடுவா. எதுக்கு, கிருபானந்தம் ஐயாவுக்கு ஜெபத்துலயே சரியாயிடிச்சேன்னு அவன் வூட்லயே படுத்துக்குவான். எத்தினி பேர அப்பிடி லேட்டா தூக்கிக்கினு வந்து, நா துணி போட்டு மூடியிருக்கேன் தெரியுமா உங்களுக்கு? ஜெபம் வேணாம்னு சொல்லல. ஜெபம் பண்ணிக்கினே ஆட்டோ ஏறி வரட்டும்."

அவர் கட்டிலில் கிடந்த பேப்பரை எடுத்து மடிக்க ஆரம்பித்தார்.

"சாயங்காலம் நீங்களே சொல்றீங்க. உள்ளத உள்ளபடி."

"செயலாளர் பதவி போயிடும் மணி. சைமன் மூஞ்சில எப்பிடி முழிப்பேன்?"

"அது உங்க பாடு. நீங்க சொல்லலன்னா ஊருக்குப் போனதும் மொத ஞாயித்துக்கிழம காலையில நா கோயில்ல எழுந்து நிப்பேன்."

சொன்னபடி செய்கிறவள் என்பது அவருக்குத் தெரியும். பயமே அதுதான்.

*

மத்தியானம் ஞானமணி ஒரு பிளேட் வஞ்சிரம் வறுவல் சொல்லிச் சாப்பிட்டாள். லெந்துக்கு மீனும் கூடாதென்பது, கிருபானந்தம் தன் பங்குக்குச் சேர்த்த இரண்டு விதிகளில் ஒன்று. அவர் எதிரில் உட்கார்ந்து தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

சாப்பிட்டு முடித்ததும் அவள் தனியாகக் கிளம்பினாள். கடற்கரையில் நிறுத்தி வைத்திருக்கும் நீர்மூழ்கிக் கப்பலுக்குள் போய்ப் பார்த்தாள். ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிய படுக்கைகளைப் பார்த்ததும், இதில் ஒருத்தனுக்குக் காய்ச்சல் வந்தால் ஊசி போடக் கூட இடமில்லையே என்று தோன்றியது. வெளியே வந்து உப்பும் மிளகாய்ப் பொடியும் தூவிய மாங்காய்க் கீற்று வாங்கி, கடற்கரைச் சாலையில் நடந்துகொண்டே தின்றாள். வேண்டுமென்றே மெதுவாக நடந்தாள். கோபம் ஒரு பக்கம் இருக்கட்டும், தனக்குக் கிடைத்த நாளை ஏன் கெடுத்துக்கொள்ள வேண்டும் என்று நினைத்தாள். நல்ல காற்று. அந்த ஒரு மணி நேரம் அவளுக்கு நிஜமாகவே நன்றாக இருந்தது.

நாலு மணிக்கு ஜெர்ரி போன் செய்தான்.

"அம்மா, நா திருப்பதி ஸ்டேஷன்ல கீறேன். இன்னிக்கி ட்ரெய்னுக்கே டிக்கெட் போட்டுட்டேன். காலையில வந்துடுவேன். நைனாவ எந்த ஆஸ்பத்திரில வச்சிருக்கீங்க? அத மட்டும் சொல்லு."

"உனக்கு யாரு சொன்னது?"

"டெபோரா சொல்லிச்சி. ஜெபத்துல சரியாயிடிச்சின்னுது, நா நம்பல. எனக்கு அப்பவே டவுட்டு. பாண்டி போலாம்னேன், மெட்ராஸ் போலாம்னேன், விசாகப்பட்டினம்தான் வேணும்னு நைனா ஒத்தக் கால்ல நின்னாரு. நா ஒரு முட்டாளு, அப்பவே கேட்டிருக்கணும்." அவன் குரல் உடைந்தது.

"டேய், அழாத. உங்க நைனா விசாகப்பட்டினம் கேட்டது, அவ்ளோ தூரத்துல நம்ம சபைக்காரங்க யாரும் கண்ணுல படமாட்டாங்கன்னுதான்."

நடந்ததையெல்லாம் சொன்னாள். ஜெர்ரிக்குப் பின்னால் ரயில் அறிவிப்பு தெலுங்கில் ஓடியது. கோவிந்தா, கோவிந்தா என்று ஒரு கூட்டம் கடந்து போனது.

"அம்மா, ஆபீஸ்ல அழுது லீவு கேட்டேன்ம்மா" என்றான் கடைசியில். "மேனேஜரு அவரு பைக்குலயே இட்டாந்து வுட்டாரு. நாளைக்கி அவரு கேட்டா இன்னா சொல்றது?"

"உங்க நைனாகிட்ட கேளு. கத சொல்றதுல கெட்டிக்காரரு."

மகன் சிரித்துவிட்டான். அழுகையும் சிரிப்புமாக இருந்தது. டிக்கெட்டைக் கேன்சல் செய்துவிட்டு வீட்டுக்குப் போகச் சொன்னாள்.

அறைக்குத் திரும்பியபோது ஹோட்டல் தாள்கள் நாலைந்து கசக்கிக் கிடந்தன. ஹெட்மாஸ்டர் உரை எழுதிக்கொண்டிருந்திருக்கிறார். ஒன்றை எடுத்துப் பிரித்துப் பார்த்தாள். "சில எதிர்பாராத சூழ்நிலைகளின் காரணமாக" என்று ஆரம்பித்திருந்தது. மறுபடி கசக்கிப் போட்டாள்.

"கடலுக்குப் போயி பேசுங்க. அங்க நின்னா பேப்பர் காத்துல நிக்காது."

*

ஆறு மணிக்கு வீடியோ அழைப்பு வந்தது.

வெளிச்சம் இன்னும் மிச்சமிருந்தது. கிருபானந்தம் சட்டைப் பொத்தானைக் கழுத்து வரை போட்டுக்கொண்டு மணலில் நின்றார். ஞானமணி பத்தடி தள்ளி நின்றுகொண்டாள். பக்கத்தில் நின்றால் தன் முகத்தைப் பார்த்துப் பேசுவார் என்று தெரியும்.

திரையில் சித்தூர்க் கோயில் தெரிந்தது. லெந்துக்கு ஊதாத் துணி போர்த்திய பிரசங்க மேடை. பாஸ்டர் ஐயா வெள்ளை அங்கியில் நின்றார். முதல் வரிசையில் ஜெமிமா, நார்ப்பெட்டியைத் திறந்து எடுத்த மாதிரி மடிப்புக் கலையாத வெள்ளைப் புடவையில் உட்கார்ந்திருந்தாள். போனைப் பிடித்திருக்கிற கை தெரியவில்லை. ஆனால் அது யாருடைய கை என்று கிருபானந்தத்துக்குத் தெரியும்.

"நம்முடைய செயலாளர் ஐயாவுக்குத் தேவன் செய்த நன்மையை அவரே சாட்சியாகச் சொல்லுவார்" என்றார் பாஸ்டர்.

"கிறிஸ்துவுக்குள் அன்பான சபையாரே" என்று ஆரம்பித்தார் கிருபானந்தம். முப்பது வருஷமாக அறிக்கை வாசித்த குரல். தொண்டையைக் கனைத்தார். திரையில் இருந்தவர்கள் அவர் அழுகிறார் என்று நினைத்தார்கள் போலிருக்கிறது. "ஸ்தோத்திரம்" என்று ஒரு குரல் தைரியம் கொடுத்தது.

"ஸ்தோத்திரம் சொல்லாதீங்கம்மா. எனக்கு நெஞ்சு வலி கெடயாது. இருந்ததும் கெடயாது. பாஸ்டர் ஐயாகிட்ட நா பொய் சொன்னேன்."

திரையில் தலைகள் ஒன்றையொன்று திரும்பிப் பார்த்தன.

"சுகமாச்சுன்னு காலையில நீங்க சந்தோஷப்பட்டீங்க. வியாதியே இல்ல, அப்புறம் சுகம் எங்கருந்து வரும்? இத வச்சி யாரும் வீட்லயே படுத்துடாதீங்க. நெஞ்சு வலிச்சா ஒடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க. நாங்க இங்க கடல் பாக்க வந்தோம். மணி முப்பத்தாறு வருஷம் ஒழச்சவ, அவளுக்கு ரெஸ்ட் வேணும்னு எம்மவன் அனுப்பி வச்சான். லெந்துல போறேன்னு சொல்ல எனக்கு வெக்கமா இருந்திச்சி. ஏன்னா போன வருஷம் இதே மாதிரி ஒருத்தன நா..." பெயரைச் சொல்லாமல் போனைக் கை மாற்றிப் பிடித்தார். "மன்னிச்சிடுங்க. எனக்காகப் பட்டினி கெடந்தவங்க எல்லாரும் மன்னிச்சிடுங்க. ஜெமிமா அக்கா, நீ மன்னிச்சிடு."

பாஸ்டர் அங்கியைச் சரிசெய்தார். அதற்கு என்ன ஜெபம் சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை. அப்போது ஜெமிமா எழுந்து போனுக்கு நேரே வந்தாள். திரை முழுக்க அவள் முகம்தான் தெரிந்தது.

"ஊசி போட்டுக்கினு பட்டினி கெடந்தேன்டா உனக்காக. கண்ணு ரெண்டும் இருட்டிக்கினு வந்திச்சி. ஊருக்கு வா. வந்ததும் கீது உனக்கு."

"வரேன்க்கா."

"மணி எங்க?"

ஞானமணி பத்தடியையும் கடந்து வந்து கணவரின் தோளோரம் முகத்தைக் காட்டினாள்.

"நீயாச்சும் நல்லா ரெஸ்ட் எடுத்தியாடி?"

"இன்னிக்கி எங்கக்கா வுட்டாரு இவரு?"

கோயிலில் யாரோ சிரிப்பை அடக்குவது கேட்டது. ஜெமிமா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, "சரி, அந்தக் கடல இப்பிடித் திருப்பு. நா பாத்ததே இல்ல" என்றாள்.

கிருபானந்தம் போனைத் திருப்பிப் பிடித்தார். சித்தூர்ச் சபையார், லெந்து கால வெள்ளிக்கிழமை ஆராதனையில், கடலைப் பார்த்தார்கள். "எம்மாம் பெருசு!" என்றது ஒரு குரல். "மணிய தண்ணி கிட்ட போவ வேணாம்னு சொல்லு" என்றது இன்னொன்று. பாஸ்டர் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார். பிறகு, பாட்டுப் புத்தகத்தை எடுக்கலாம் என்று தாழ்ந்த குரலில் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் பிறகு கமிட்டி கூடும் என்பதையும் சேர்த்துச் சொன்னார்.

அழைப்பு முடிந்துவிட்டது என்று நினைத்துக் கிருபானந்தம் போனைத் தாழ்த்தினார்.

"ஐயா, கட் பண்ணிடாதீங்க."

படம் ஆடியது. நிலைக்கதவு, படிகள், வேப்பமரம், காம்பவுண்டு கேட் என்று வரிசையாகக் கடந்தன. உள்ளே பாடும் சத்தம் தூரமாகிவிட்டது. போன் திரும்பியதும் சைமனின் முகம் தெரிந்தது. அந்த முகத்தைப் பார்த்துப் பேசி ஒரு வருஷம் ஆகிறது.

"சைமன், உன்கிட்டதான் நா மொதல்ல..."

"பரவால்ல ஐயா. எல்லார் எதிர்லயும் சொன்னீங்க. எனக்கு அந்த தைரியம் வரல, அதான் வெளிய வந்தேன்." அவன் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றான். "நானும் பொய்தான் சொன்னேன். போன வருஷம் நாங்க பாண்டிச்சேரிக்கு ஊர் சுத்தப் போகல. யாமினிய அங்க ஆஸ்பத்திரில சேத்திருந்தேன். நாலு நாளும் வார்டு வெளியிலதான் ஒக்காந்திருந்தேன். கடல் எந்தப் பக்கம்னு கூட பாக்கல. வேலூர் போனா வழி நெடுக நம்ம ஜனம். இன்னாத்துக்கு சேத்தீங்கன்னு கேப்பாங்க. அத யார்கிட்டயும் சொல்ல வேணாம்னு யாமினி என் கையப் புடிச்சிக்கினு அழுதா. அதான் கமிட்டியில நீங்க கேட்டப்ப, ஆமா, ஊர் சுத்தத்தான் போனோம்னு ஒத்துக்கினேன்."

கிருபானந்தம் மணலில் உட்கார்ந்துவிட்டார். அலை வந்து ஷூவுக்குள் ஏறியது. அவர் காலை இழுத்துக்கொள்ளவில்லை. அந்தக் கமிட்டியில், குடும்பத்தோடு உல்லாசம் பெரிதா, பாடுபட்ட கர்த்தர் பெரிதா என்று மேஜையைத் தட்டிக் கேட்டது அவர்தான். பதில் சொல்லாமல் தலை குனிந்து நின்றவனைப் பார்த்து, வெட்கப்படுகிறான் என்று நினைத்துக்கொண்டதும் அவர்தான்.

"யாமினிக்கு இன்னாப்பா ஆச்சி?"

சைமன் கோபப்படவில்லை. குரலைக்கூட உயர்த்தவில்லை.

"இத கேக்க ஒரு வருஷம் ஆச்சிங்களா ஐயா?"

திரை இருண்டது.

கிருபானந்தம் அவன் எண்ணைத் தேடி எடுத்துக் கூப்பிட்டார். மணி அடித்தது, யாரும் எடுக்கவில்லை. இரண்டாவது தடவையும் எடுக்கவில்லை. ஞானமணி வந்து அவர் பக்கத்தில் ஈர மணலிலேயே உட்கார்ந்தாள். காலையில் அவர்மேல் வந்த கோபத்தை எங்கே வைத்தோம் என்று தேடியும் அவளுக்குக் கிடைக்கவில்லை.

"மறுபடியும் போடுங்க" என்றாள்.

அவர் மறுபடியும் போட்டார்.